கோட்டை போன பின்னும் குளம் இருக்கிறது: கோப்பாய்ப் பகுதியின் இடைக்காலச் சமயச் சுவடுகள்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் போகிற ஒருவர், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைத் தாண்டினால் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், கிடைக்கும் விடை பெரும்பாலும் நிலாவரைக் கிணறு என்பதோடு முடிந்துவிடும். கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர் ஆகியவை இடையில் வரும் பேருந்துத் தரிப்பிடங்களாகக் கழிந்துபோகின்றன. யாழ்ப்பாண அரசு அழிந்தபோது அதன் சமயச் சின்னங்களும் அழிந்தன, மிஞ்சிய சில நல்லூரில் உள்ளன, அயலூர்களில் தேடிப் பயனில்லை என்ற முடிபு இந்த விடைக்குள் பொதிந்திருக்கிறது. அந்த முடிபு பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். கோப்பாயிலும் அதைச் சூழ்ந்த வலிகாமம் கிழக்கிலும் இடைக்காலத்துச் சமய வாழ்வு ஏராளமாகத் தங்கியிருக்கிறது. அது தங்கியிருக்கும் இடம் குளக்கரை, கேணி, கோயில் வளவு, ஊர்களை இணைக்கும் பழைய பாதை, ஆண்டுதோறும் குறித்த நாளில் நடக்கும் பொங்கல் ஆகியவை. கற்கோபுரத்தைத் தேடிப் போகிறவருக்கு இது தென்படாது. சமயச் சின்னம் ஒரு பட்டியலில், இயற்கைக் காட்சி இன்னொரு பட்டியலில் என்று பிரித்து வைத்திருக்கும் வரை இது யாருக்கும் தென்படப் போவதில்லை.

கோப்பாய் ஏன் முக்கியம் என்பதை அரசியல் வரலாற்றிலிருந்து தொடங்குவது நல்லது. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் 1619 வரை நிலைத்த யாழ்ப்பாண அரசுக்குத் தலைநகர் நல்லூர். அதற்கு வடகிழக்கே இருந்த கோப்பாயில் அரசனுக்கு ஒரு கோட்டை இருந்தது. 1560இல் கோவாவின் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிறகன்சா பெரும் படையுடன் வந்து நல்லூரைத் தாக்கியபோது, முதலாம் சங்கிலி நல்லூரை விட்டுக் கோப்பாய்க்குப் பின்வாங்கினான், பின்னர் அதையும் விட்டு வன்னிப் பக்கம் போனான் என்று போர்த்துக்கேய வரலாற்றை எழுதிய குவேறோஸ் பாதிரியார் வழியாக அறிகிறோம். இன்று ஒரு பயணியை அழைத்துப்போய்க் காட்டத்தக்க மதிலோ கொத்தளமோ கோப்பாயில் இல்லை. ஆனால் இந்தப் பின்வாங்கலின் காரணத்தை நிலம் இன்றும் சொல்கிறது. வலிகாமத்தின் செம்பாட்டு மண் கோப்பாயோடு முடிகிறது. அதற்குக் கிழக்கே உவர்த் தரவை, அதற்கு அப்பால் உப்பாற்றுக் கடனீரேரி, அக்கரையில் தென்மராட்சியின் கைதடி. தலைநகரில் இருந்து தப்ப வேண்டிய அரசனுக்கு வலிகாமத்தின் கிழக்கு விளிம்பு இதுவே. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் போரினால் ஓர் இரவில் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாதையைப் போலவே கோப்பாய் – கைதடிப் பாதையும் அவர்களால் நிறைந்தது. நானூற்று முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் ஒரே வாசல் அமைந்தது தற்செயல் அல்ல. கோட்டை மதிலைக் காட்டிலும் உறுதியான ஆவணமாக அந்த நீரேரி இருக்கிறது.

சமயத்தைப் பொறுத்தவரை முறிவு 1560இல் வரவில்லை. 1619இல் அரசு வீழ்ந்தது, 1621இல் பிலிப் த ஒலிவேறா நல்லூருக்கு வந்து கந்தசுவாமி கோயிலை அடியோடு இடித்தான். அதன் பின் குடாநாடெங்கும் கோயில்கள் இடிந்தன, அவற்றின் கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போயின. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுத் தூண் கிடைத்தது இந்தக் கல் இடமாற்றத்துக்கு ஒரு சான்று. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர்களோடு வந்து சில ஆண்டுகள் இங்கே பணியாற்றிய பிலிப்பஸ் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் வலிகாமத்தின் பதினான்கு தேவாலயங்களை எண்ணுகிறார். அவற்றுள் கோப்பாய், புத்தூர், அச்சுவேலி மூன்றும் உண்டு. இந்தப் பட்டியலை அழிவின் பட்டியலாக மட்டும் வாசிப்பது வழக்கம். எனக்கு அது வேறொன்றையும் சொல்கிறது. புதிய ஆட்சியாளர் தம் தேவாலயத்தையும் அதோடு பள்ளிக்கூடத்தையும் ஆளில்லாத வெளியில் நாட்டுவதில்லை. மக்கள் ஏற்கெனவே கூடுகிற இடத்தில், நீரும் நிழலும் பாதையும் இருக்கும் இடத்தில் நாட்டுவார்கள். ஆகவே கோப்பாய், புத்தூர், அச்சுவேலி ஆகியவை பதினேழாம் நூற்றாண்டுக்கு முன்பே மக்கள் கூடும் மையங்களாக இருந்தன என்பதற்குப் பல்தேயஸ் தம்மை அறியாமலே சாட்சி சொல்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்ச் மிசனரிச் சங்கம் கோப்பாயைத் தன் பணிக்கான நிலையங்களில் ஒன்றாகத் தெரிந்ததும் அதே வரிசையில் வருகிறது. ஒரே இடத்தில் மூன்று சமயக் காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன.

இனிக் கோயில்களுக்கு வருவோம். நீர்வேலியில் அரசகேசரிப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. காளிதாசனின் நூலைத் தழுவித் தமிழில் இரகுவமிசம் பாடிய அரசகேசரியின் பெயரால் அது வழங்குகிறது, அவரே அதை அமைத்தார் என்பது ஊர் மரபு. அரசகேசரி கற்பனைப் பாத்திரம் அல்லர். அரச குடும்பத்தைச் சேர்ந்த அவர் அரசின் கடைசி ஆண்டுகளில் இளவரசனுக்காக ஆட்சிப் பொறுப்பு ஏற்றார், 1617இல் இரண்டாம் சங்கிலி ஆட்சியைப் பிடித்தபோது கொல்லப்பட்டார் என்ற செய்தி போர்த்துக்கேயர் எழுத்திலும் வருகிறது. கவிஞராகவும் அரச குடும்பத்தவராகவும் இரண்டு வேறு மரபுகளால் உறுதிப்படும் ஒருவரின் பெயர், நல்லூரில் அல்லாமல் நீர்வேலியில் ஒரு பிள்ளையாரோடு ஒட்டிக்கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது. புனைந்து சொல்வதானால் ஊரார் பரராசசேகரன் பெயரையோ சங்கிலி பெயரையோ தேர்ந்திருப்பார்கள். உரும்பிராயில் இருப்பது கருணாகரப் பிள்ளையார் கோயில். முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனும் கலிங்கத்துப்பரணியின் தலைவனுமான கருணாகரத் தொண்டைமானோடு மரபு அதை இணைக்கிறது. குடாநாட்டின் வடகரையில் கடலோடு நீரேரியை இணைக்கும் தொண்டைமானாற்றையும் அவனே வெட்டுவித்தான் என்பது அதே மரபின் மற்றொரு கிளை. இந்த இரண்டு மரபுக்கும் நான் ஒரே மதிப்பைக் கொடுக்கவில்லை. அரசகேசரிக்கும் நீர்வேலிக்கும் உள்ள தொடர்பு, அந்த ஆள் வாழ்ந்து நூறு, நூற்றைம்பது ஆண்டுக்குள் கோயில்கள் மறுபடி எழத் தொடங்கிய காலத்தை எட்டிவிடுகிறது. ஊர் நினைவு தாங்கக்கூடிய தொலைவு அது. கருணாகரனுக்கும் உரும்பிராய்க்கும் இடையில் எழுநூறு ஆண்டுகள் கிடக்கின்றன. அங்கே பெயரை நிறுவிய ஆளின் சான்றாகக் கொள்வதைவிட, சோழர் தொடர்பு பற்றிய பொது நினைவு ஒன்று இடத்தோடு ஒட்டிய அடையாளமாகக் கொள்வதே பொருந்தும்.

இந்த இடத்தில் வரலாற்று மாணவர் ஒருவர் எழுப்பக்கூடிய தடை மிக நியாயமானது. வையாபாடல், கைலாயமாலை, 1736இல் ஒல்லாந்த அதிகாரியின் வேண்டுகோளுக்கு இணங்க மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை ஆகிய உள்ளூர் நூல்களின் காலக்கணக்கு பல இடங்களில் குழம்பியிருக்கிறது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் எழுதிய யாழ்ப்பாண வைபவ விமரிசனமே அந்தக் குழப்பங்களை அவிழ்க்க முயன்ற நூல். இன்று நிற்கும் கோயில்களோ பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் எழுந்து இருபதாம் நூற்றாண்டில் மறுபடி கட்டப்பட்டவை. அப்படியிருக்க இவற்றை இடைக்காலச் சொத்து என்பது ஊர்ப்பற்றின் மிகை அல்லவா? என் விடை இது: ஒரு கோயிலுக்கு ஒரே வயது இல்லை. கட்டடத்துக்கு ஒரு வயது, மூர்த்திக்கு ஒரு வயது, வழிபாட்டு முறைக்கு ஒரு வயது, அது நிற்கும் நிலத்துக்கும் நீருக்கும் ஒரு வயது. போர்த்துக்கேயர் வருகிறார்கள் என்று அறிந்ததும் மூர்த்திகளைக் கிணற்றிலும் குளத்திலும் இட்டு மறைத்தார்கள், பின்னர் எடுத்து வைத்துக் கோயில் கட்டினார்கள் என்ற கதை குடாநாட்டின் ஊர்தோறும் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு கதையும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டடம் போனபின் மீட்சிக்கான இடமாக மக்கள் நினைவு குளத்தையும் கிணற்றையுமே சுட்டுகிறது என்பது அந்தக் கதைகள் எல்லாவற்றுக்கும் பொது. உலகின் பிற இடங்களிலும் இந்தச் சிக்கல் வந்து தீர்ந்திருக்கிறது. ஜப்பானின் இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் முழுவதும் புதிதாகக் கட்டுகிறார்கள், 2013இல் நடந்தது அறுபத்திரண்டாவது முறை. அதன் தொன்மையை யாரும் மறுப்பதில்லை. 1994இல் நாரா நகரில் கூடிய மரபுரிமை வல்லுநர்கள், ஒரு சின்னத்தின் உண்மைத்தன்மையைக் கட்டடப் பொருளின் வயதை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது, பயன்பாடும் மரபும் இடமும் சேர்த்து எடை போடப்பட வேண்டும் என்று ஆவணப்படுத்தினார்கள். இந்த அளவுகோல் நீர்வேலிக்கும் கோப்பாய்க்கும் அப்படியே பொருந்தும்.

வழிபாட்டின் வயதைக் காட்ட கண்ணகை அம்மனைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்தப் பகுதியில் இல்லை. கோப்பாயில் பலானைக் கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. கண்ணகி வழிபாடு இலங்கையில் தமிழரிடையே கண்ணகை அம்மன் என்றும் சிங்களவரிடையே பத்தினித் தெய்வம் என்றும் நிலைத்து, இரு மொழியாரும் பகிர்ந்துகொண்ட இடைக்காலச் சமயப் படிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் ஆகமவழிச் சைவத்தை நிலைநாட்டப் புறப்பட்டபோது, சமண மரபோடு தொடர்புடைய ஒரு வணிகர் குலப் பெண்ணைத் தெய்வமாக வழிபடுவதை அவர் ஏற்கவில்லை. அதன் பின் யாழ்ப்பாணத்தில் பல கண்ணகை கோயில்கள் இராசராசேசுவரி என்றும் புவனேசுவரி என்றும் பெயர் மாறின. நாவலரின் பணி தமிழுக்கும் சைவத்துக்கும் செய்ததை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவருடைய ஆசிரியர்களுள் ஒருவரான சேனாதிராய முதலியார் இதே இருபாலையைச் சேர்ந்தவர், அடுத்த தலைமுறையில் திராவிடப் பிரகாசிகை எழுதிய சபாபதி நாவலர் கோப்பாயைச் சேர்ந்தவர். சைவக் கல்வியின் மறுமலர்ச்சிக்கு இந்த ஊர்கள் அளித்த பங்கு பெரிது. ஆயினும் அந்த மறுமலர்ச்சி பழைய படிவு ஒன்றின் மேல் பூசிய பூச்சாகவும் அமைந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர் மாறாமல் நின்ற கண்ணகை கோயில்கள் அதனால்தான் அருமையானவை. உப்பாற்றுக்கு அக்கரையில், மட்டுவிலில் பன்றித்தலைச்சி அம்மன் கோயில் இருக்கிறது. பங்குனித் திங்கட்கிழமைகளில் வலிகாமத்திலிருந்தும் பெண்கள் பானையும் அரிசியும் விறகும் கொண்டுபோய் அங்கே பொங்குகிறார்கள், வளவெங்கும் அடுப்புக்கல் வைத்து, கேணி நீரை மொண்டு, வெயிலில் நின்று. கோப்பாய் – கைதடிப் பாதை அந்த நாள்களில் வழிபாட்டுப் பாதையாகிவிடுகிறது. அரசன் பின்வாங்கிய திசையில், இடம்பெயர்ந்தோர் போன திசையில் நடக்கும் இந்தப் பொங்கலை எந்தத் தொல்லியல் பட்டியலிலும் காண முடியாது.

நீருக்கு வருவோம். விளக்கம் அதிகம் வேண்டிய பகுதி இதுதான். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரையில் பெய்து ஓய்ந்துவிடும், பிறகு சோளகக் காற்று அடிக்கும் மாதங்கள் முழுவதும் நிலத்தடி நீரே கதி. நிலத்தின் கீழே மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. மழைநீர் அதைக் கரைத்துக் குகைகளும் வெடிப்புகளும் ஆக்கியிருக்கிறது. அந்தக் கல்லுக்குள் நன்னீர், கனத்த உவர்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்தைவிட ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் உண்டு என்பது பொதுக் கணக்கு. மேலே ஒரு மீற்றரை இறைத்துக் குறைத்தால் கீழே நாற்பது மீற்றரை இழக்கிறோம் என்பது இதன் மறுபக்கம். நவக்கிரியில் புத்தூருக்கு அருகே உள்ள நிலாவரை, இந்த அமைப்பின் கூரை இடிந்து வாய் திறந்த ஓர் இடம். கல்லால் கட்டிய ஓரத்தில் நின்று குனிந்து பார்த்தால் அசைவற்ற கரும்பச்சை நீர் தெரியும். மேலே உள்ளது குடிக்கத்தக்க நன்னீர், கீழே போகப் போக உவர்ப்பு. 1859இல் வெளிவந்த எமர்சன் ரெனன்ற்றின் இலங்கை பற்றிய நூல் புத்தூர்க் கிணறு என்று இதை விவரிக்கிறது. இராமன் அம்பை ஊன்றி எடுத்த நீர் இது என்றும், இங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்றும் ஊரார் சொல்வார்கள். எலுமிச்சம்பழக் கதையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் நிலத்துக்குக் கீழே நீர் ஓடித் திரிகிறது, ஒரு கிணற்றில் செய்வது இன்னொரு ஊரின் கேணியைப் பாதிக்கும் என்ற அறிவு அதற்குள் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளைப் பற்றிப் புவியியல் சொல்வதும் அதையே. தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சிக் கொட்டும் உரத்தின் நைத்திரேற்று குடிநீர்க் கிணறுகளில் சேர்வதாகப் பல ஆண்டுகளாக ஆய்வுகள் எச்சரிக்கும் இந்தக் காலத்தில், அந்தக் கதையைப் பாடசாலையில் அறிவியலோடு சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாம்.

குளமும் கேணியும் அந்த நன்னீர் வில்லையை நிரப்பவும் உதவுகின்றன. குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருப்பதாகக் கணக்குண்டு, அவற்றுள் கணிசமானவை கோயிலை அண்டி இருக்கின்றன. தீர்த்தக் கேணி, ஊர்க்குளம், தோட்டத்துத் துரவு ஆகிய மூன்றும் வெவ்வேறு பயனுக்கு. கேணியில் தெய்வத்துக்கும் அடியாருக்கும் நீராட்டு, குளத்தில் மாட்டுக்கும் மண்ணுக்கும் நீர், துரவில் பயிருக்கு. பழைய குளக்கரைகளில் ஆவுரோஞ்சிக் கல்லைக் காணலாம். நீர் குடித்துக் கரையேறும் மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்வதற்காக, மாட்டின் முதுகளவு உயரத்தில் நட்ட சொரசொரப்பான கல் அது. அதற்குப் பக்கத்தில் சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், இறக்கவும் மறுபடி தூக்கவும் யாருடைய உதவியும் இன்றிச் சுமையை அதன்மேல் வைத்து ஆறலாம். மடம், கிணறு, ஆவுரோஞ்சிக் கல், சுமைதாங்கி இவை சேர்ந்து ஓர் அறக்கட்டளை. வழியே வருகிறவர் யார் என்று கேட்காமல் செய்யப்பட்ட தருமம் என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் அது முழு உண்மை ஆகாது. கோயிலுக்குள்ளும் கிணற்றடியிலும் சாதி பார்த்த சமூகம் இது. மாட்டுக்கு முதுகு சொறியக் கல் நட்ட அதே ஊர், தன் மனிதருள் ஒரு பகுதியினருக்கு அந்தக் கிணற்றில் அள்ளும் உரிமையை நெடுங்காலம் மறுத்தது. மரபுரிமை என்று பேசுகிறவர் இந்தப் பகுதியையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். குளக்கரையைக் காக்கும் திட்டத்தில் முன்பு விலக்கப்பட்டவர்களின் நினைவும் சாட்சியமும் பதிவாகாவிட்டால், அது பாதிப் பேரின் வரலாறாகவே நிற்கும்.

வெளிப்புற ஈர்ப்புகளும் இதே வரைபடத்துக்குள் வந்துவிடுகின்றன. நல்லூர்ப் பக்கமிருந்து கோப்பாய், நீர்வேலி, நிலாவரை வழியாக அச்சுவேலிக்குப் போகும் பாதை இன்றும் இராச வீதி என்றே வழங்குகிறது. இருமருங்கும் செம்பாட்டுத் தோட்டம், நீர்வேலி வாழை, புகையிலை, வெங்காயம், இடையிடையே பனங்கூடல். அச்சுவேலியைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் வல்லை வெளி. மரமே இல்லாத, காற்று தடையின்றி வீசும் உவர்வெளி, நடுவே பாலம். வாடைக்காற்றுக் காலத்தில் அந்த ஆழமற்ற நீரில் உள்ளானும் நாரையும் இறங்கும், சில வேளை பூநாரைக் கூட்டமும். வடக்கே நீரேரி கடலைச் சேரும் வாயில் தொண்டைமானாறு, அதன் கரையில் செல்வச்சந்நிதி. ஆகம முறைக்கு வெளியே, வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு கப்பூகர் பூசை செய்யும் முருகன் கோயில் அது. நிவேதனம் ஆலிலையில் படைக்கப்படுகிறது, மடங்களில் அன்னதானம் ஓய்வதில்லை, கதிர்காமத்துக்கான பாதயாத்திரை அங்கிருந்து புறப்படுகிறது. சைக்கிளில் ஒரு பகலில் போய் வரக்கூடிய இந்த வட்டத்தில் அரச பாதை, அரச கவியின் பெயர்தாங்கிய பிள்ளையார், சுண்ணாம்புக் குகைக் கிணறு, பறவைகள் இறங்கும் உவர்வெளி, ஆகமத்துக்குப் புறம்பான வழிபாடு எல்லாம் அடங்குகின்றன. இவற்றுள் எதையும் தனியே எடுத்தால் சிறியதாகத் தோன்றலாம், அவற்றை இணைக்கும் நிலத்தோடு பார்க்கையில் பொருள் விளங்கும். உலக மரபுரிமைச் சாசனம் 1992 முதல் பண்பாட்டு நிலக்காட்சி என்ற வகையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மனிதரும் நிலமும் நெடுங்காலம் சேர்ந்து ஆக்கிய இத்தகைய இடங்களுக்காகவே அந்த வகை வந்தது.

அடுத்த தடை ஆலய அறங்காவலரிடமிருந்து வரும். கோயில் அருங்காட்சியகம் அல்ல, தெய்வம் வாழும் வீடு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துவது சாத்திரம், அதைத் தடுக்க யாருக்கு உரிமை என்று அவர் கேட்பார். தடுக்கச் சொல்லவில்லை. மேலே சொன்ன வாதத்தின்படி புதுக்கட்டடம் தொன்மையைக் கெடுப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருப்பணி என்ற பெயரில் இப்போது நடப்பது பல இடங்களில் புதுக்கட்டடம் மட்டும் அன்று. புலம்பெயர்ந்த உறவுகளின் பணம் வந்ததும் பொழிகல்லில் எழுந்த பழைய மண்டபம் இடிபடுகிறது. இடித்த கல் வீதி நிரவப் போகிறது. கேணியின் படிகளுக்கு மேல் சீமெந்தும் மாபிளும் ஏறுகின்றன, கேணிக்கு மழைநீர் கொண்டுவந்த வாய்க்கால் வாகனத் தரிப்பிடத்துக்கு அடியில் மறைகிறது. வளவிலிருந்த மருதும் இலுப்பையும் வெட்டப்பட்டுத் தகரக் கொட்டகை எழுகிறது. இசே ஆலயத்தார் இருபது ஆண்டுக்கு ஒருமுறை கட்டும்போது அதே மரம், அதே அளவு, அதே தச்சு முறை, அதற்கென்று வளர்க்கும் காடு என்று எல்லாவற்றையும் காக்கிறார்கள். கட்டடத்தைப் புதுக்கும் சாத்திரம் நிலத்தையும் நீரையும் அழிக்கச் சொல்லவில்லை. ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியிலும் பிரித்தானியர் காலத்திலும் ஊரார் வெறுங்கையோடு எழுப்பிய மண்டபங்களுக்கு, மீட்சியின் சாட்சி என்ற வகையில் தனி மதிப்பு உண்டு. சட்டம் அவற்றைக் காக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் பொதுவாக 1815 மார்ச் 2ஐ எல்லைக்கோடாகக் கொள்கிறது, பிந்தியவை தனியே அறிவிக்கப்பட்டாலன்றிப் பாதுகாப்புப் பெறா.

சட்டம் என்றதும் எழும் தடைதான் எல்லாவற்றிலும் கனமானது. தொல்லியல் என்ற சொல்லே வடக்கிலும் கிழக்கிலும் இன்று அச்சம் தரும் சொல்லாகிவிட்டது. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென அமைத்த சனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் நீதிமன்றக் கட்டளைக்குப் பிறகும் விகாரைக் கட்டுமானம் தொடர்ந்தது. 2021இல் நிலாவரையில் தொல்லியல் திணைக்களத்தின் அகழ்வு தொடங்கியபோது ஊரும் பிரதேச சபையும் எதிர்த்து நின்றன. கோப்பாயிலேயே மாவீரர் துயிலும் இல்லம் இடிக்கப்பட்டு அந்த நிலத்தின்மேல் படைத்தளம் எழுந்தது, நினைவிடத்தை அழிக்கும் கை அரசுடையதாகவே இருக்கக்கூடும் என்பதை ஊர் கண்டது. இந்த நிலையில், இடங்களைப் பட்டியலிட்டு அறிவியுங்கள் என்று சொல்வது நிலத்தைத் திணைக்களத்தின் கையில் கொடுப்பதாகாதா என்று கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டு. ஆனால் பதிவு செய்யாமல் விடுவதால் ஆபத்து குறைவதில்லை, கூடுகிறது. எழுதப்படாத இடத்தின் வரலாற்றை முதலில் வந்து எழுதுகிறவர் தாம் விரும்பியபடி எழுதுவார். கந்தரோடையிலும் பிற இடங்களிலும் வெளிப்பட்ட பௌத்த எச்சங்களைத் தமிழரின் வரலாற்றுக்குள் வைத்து அமைதியாகப் பேசக் கற்றுக்கொள்ளாததால், அவற்றைப் பேசும் உரிமையைப் பிறரிடம் விட்டுவிட்டோம். பௌத்தம் தமிழகத்திலும் தமிழர் சமயமாக இருந்தது. நிலாவரையில் நாளை ஒரு பௌத்தச் சின்னம் கிடைத்தாலும் அது இந்த ஊரின் பல அடுக்குகளில் ஒன்றாகவே இருக்கும், அதனால் மற்ற அடுக்குகள் பொய்யாகிவிடா. அந்தத் தெளிவோடு ஊராரே முதலில் எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு. வலிகாமம் கிழக்குப் பிரதேச சபை, ஆலய பரிபாலன சபைகள், திருநெல்வேலியில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை ஆகியவை சேர்ந்தால் திணைக்களத்தின் அனுமதிக்குக் காத்திராமல் செய்யக்கூடிய வேலை இது. அளவெடுத்தல், ஒளிப்படம், முதியோர் வாய்மொழி, பழைய உறுதிகளில் உள்ள காணிப் பெயர்கள். மண்ணைத் தோண்ட வேண்டியதே இல்லை.

சுற்றுலா வந்தால் புனிதமும் நீரும் கெடும் என்பது கடைசித் தடை. கட்டுப்பாடின்றி வந்தால் கெடும்தான். நிலாவரையில் பிளாத்திக்குப் போத்தல் மிதப்பதைத் தடுக்க முடியாத நிருவாகம் அங்கே பேருந்துக் கூட்டத்தை அழைப்பது பொறுப்பற்ற செயல். நிலத்தடி நீரின் மேல் அமர்ந்திருக்கும் ஊரில் விடுதிக்கு விடுதி மலக்குழி தோண்டுவதும் அப்படியே. ஆனால் நான் சொல்லும் வட்டம் பெரும் விடுதியையோ பெருங்கூட்டத்தையோ வேண்டுவதில்லை. நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களுக்கு நிழல், குடிநீர், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நேர்மையாக எழுதிய பலகை, எது மரபு எது சான்று என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த ஊர் இளைஞர் சிலர் ஆகியவை அதற்குப் போதும். தலைமுறை இடைவெளியோடு வெளிநாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு வரும் பிள்ளைகள்தாம் இதன் முதல் பயணிகள். அவர்களுடைய பெற்றோரின் பணம் கோபுரத்துக்குப் போகும்போது, அதில் ஒரு பங்கு கேணி தூர்வாரவும் வாய்க்கால் திறக்கவும் போகட்டும் என்று பரிபாலன சபைகள் கேட்கலாம். முதலில் தொடங்க வேண்டியது குளங்களில். ஒவ்வொரு கோயிற்குளத்தின் எல்லையையும் பழைய நில அளவைப் படத்தோடு ஒப்பிட்டு அளந்து, ஐப்பசி மழைக்கு முன் கல் நாட்டிவிடலாம். காணிப் பதிவேடும் ஒரு நில அளவையாளரும் இருந்தால் அந்த வேலை நடக்கும்.